ஸ்லோ குக்கரில் வைத்த மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப் ஏன் சப்பென்று இருக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். கொழுப்பில்லாத தொடைக்கறி, இரண்டு எலும்பு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், அன்னாசிப்பூ, பட்டை எல்லாவற்றையும் காலையில் ஸ்லோ குக்கரில் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, லோ என்ற குறைந்த சூட்டு நிலையில் எட்டு மணி நேரம் விட்டீர்கள். கடைசி அரை மணியில் நூடுல்ஸையும் அதிலேயே போட்டீர்கள். கிடைத்தது நிறமில்லாத சூப், நார்நாராகப் பிரிந்தும் வாயில் வறண்டு நிற்கிற கறி, கூழாகிப்போன நூடுல்ஸ். "இன்னும் இரண்டு மணி நேரம் கூட வைக்கலாமா, மசாலாவைக் கூட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பலன் தராது. இந்தச் சூப்பில் எந்த வேலையை அந்தப் பாத்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் சமையல் படித்தவன். ஹோட்டல் சமையலறைகளில் பல வருடம் ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு), சூப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன். வீட்டில் ஸ்லோ குக்கரைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், அது நல்ல கருவி என்று நம்புகிறேன். ஆனால் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு வெப்பத்தை யாரும் பார்க்காமலே மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது. அதனால் எதையும் சிவக்க வைக்க முடியாது. மூடி இறுக்கமாக உட்கார்ந்து ஆவி திரும்பத் திரும்ப உள்ளேயே சொட்டுவதால் எதையும் வற்ற வைக்கவும் முடியாது. நூடுல்ஸுக்குத் தேவையான கொதிப்பும் கிடையாது. அடுப்பில் வைக்கிற சூப்புக்கு ருசி கொடுப்பதில் பாதி, இந்த வறுபடுவதும் வற்றுவதும்தான். ஆகவே அவற்றை முன்னும் பின்னும் அடுப்பில் செய்துகொண்டு, நடுவில் இருக்கிற பொறுமையான வேலையை மட்டும் குக்கரிடம் கொடுக்க வேண்டும்.

லோ, ஹை பற்றி ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. பெரும்பாலான மாடல்களில் இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. போய்ச் சேர எடுக்கிற நேரம்தான் வேறு. அதனால் 'லோவில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் கறி கெடாது' என்பது சரியில்லை. உங்கள் குக்கர் எப்படி நடந்துகொள்கிறது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்களே சோதிக்கலாம்: பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் நிரப்பி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த உடனே ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் சரி. அதற்கு மேல் போனால் உங்களுடையது சூடான பாத்திரம், நான் கீழே சொல்லும் நேரத்தில் ஒரு மணியாவது குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நின்றால் அந்தப் பாத்திரத்தில் இறைச்சி சமைப்பதே பாதுகாப்பில்லை.

இனி கறி. உங்கள் சூப்பின் பெரிய பிரச்சினை இங்கேதான் தொடங்கியது. தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற கறி எப்படி வறளும் என்று கேட்டிருந்தீர்கள். தசை நார்கள் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கித் தங்களிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. நீண்ட நேரம் வெந்த கறியை நாம் 'சாறுள்ளது' என்று உணர்வதற்குக் காரணம் அந்தத் தண்ணீர் இல்லை. நார்களுக்கு நடுவே இருக்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் உருகி, வழவழப்பான ஜெலட்டினாகி நார்களைப் பூசி நிற்பதும், கூடவே கொஞ்சம் கொழுப்பும்தான். தொடைக்கறியில் இரண்டுமே குறைவு. எட்டு மணி நேரம் வைத்தாலும் பதினாறு மணி நேரம் வைத்தாலும் இல்லாத கொலாஜன் உருகப்போவதில்லை. நேரம் கூடக் கூட நார்கள்தான் பிரிந்து உதிரும்.

அதனால் அடுத்த முறை கறிக்கடையில் கெண்டைக்கால் சதையைக் கேட்டு வாங்குங்கள். குறுக்கே வெட்டினால் சதைக்கு நடுவே கண்ணாடி போல வெள்ளைக் கோடுகள் ஓடும்; வேகாதபோது அவை ரப்பர், வெந்தபின் வழவழப்பு. இந்தச் சூப்புக்கு அதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அது கிடைக்காவிட்டால் நெஞ்சுக்கறி அல்லது தோள்பட்டைக் கறி. வால் கறியும் அருமையாக இருக்கும், ஆனால் கொழுப்பு நிறைய இறங்கும், பிறகு எடுக்க வேண்டிவரும். நான்கு பேருக்கு ஒரு கிலோ கறி, அரை கிலோ எலும்பு போதும். எலும்பில் நல்லி எலும்பு மட்டும் வேண்டாம். அது கொழுப்பைத்தான் அதிகம் தரும். சூப்புக்குக் கனம் தருவது மூட்டு எலும்பும் அதில் ஒட்டியிருக்கும் குருத்தும் தசைநாரும். கறியை ஒரு விரல் நீளத்துக்குக் குறையாத பெரிய துண்டுகளாகவே வையுங்கள். சின்னதாக வெட்டினால் சூப் ருசியாகும் முன்பே கறி கரைந்துவிடும்.

எலும்பையும் கறியையும் முதலில் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடுங்கள். மேலே திரளும் சாம்பல் நிற நுரை கறியிலிருந்து வரும் புரதம் உறைந்தது. அதில் தீங்கு எதுவுமில்லை, ஆனால் சூப்பைக் கலங்கடிக்கும். அடுப்பில் என்றால் வேக வேக மேலே வருவதைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஸ்லோ குக்கரில் மூடியைத் திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடம் வரை ஆகும். அதனால் இதை முன்கூட்டியே முடித்துவிடுவதே நல்லது. இதில் ருசி போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் போகும்தான். கலங்கலைப் பொருட்படுத்தாத ஒருவர் இந்தப் படியை விட்டுவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

விடக்கூடாத படி அடுத்தது. கழுவிய கறியைத் துணியால் நன்றாக ஒற்றி ஈரம் போக்கி, கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்தபின் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு பக்கமாவது ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை விடுங்கள். இதனால் சாறு உள்ளே அடைபடும் என்று சொல்வது தவறு. அப்படி எதுவும் அடைபடுவதில்லை. நாம் இதைச் செய்வது மணத்துக்காக. மேற்பரப்பு 140 டிகிரியை நெருங்கும்போதுதான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த வறுத்த வாசனை தாராளமாக உருவாகிறது. தண்ணீருக்குள் இருக்கும் எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது ஸ்லோ குக்கரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இந்த ருசி வராது. உங்கள் சூப்புக்கு நிறமில்லாமல் போனதற்கும் இதுதான் முக்கியக் காரணம். ஈரத்தோடு போட்டாலும், வாணலியை நெரித்து நிரப்பினாலும் கறி வறுபடாமல் ஆவியில் வேகத் தொடங்கிவிடும், ஆகவே இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள்.

கறியை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் தடிமனாக அரிந்த இஞ்சி, நசுக்கிய பூண்டு, பெரிதாக வெட்டிய வெங்காயத்தை வதக்குங்கள். சோயா சாஸும் அன்னாசிப்பூவும் சேர்ப்பதால் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தைவான் பாணிச் சிவப்புச் சூப் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்கள் பட்டியலில் விடுபட்டிருப்பது டௌபன்ஜியாங்: மிளகாயும் மொச்சை வகைப் பருப்பும் சேர்த்துப் புளிக்கவைத்த உப்பு விழுது. இரண்டு மேசைக்கரண்டி அளவு எண்ணெயில் போட்டு, மிதமான தீயில், எண்ணெய் செந்நிறமாகப் பிரியும்வரை வதக்க வேண்டும். நேரே குக்கரில் கரைத்தால் பச்சை வாசனை அடிக்கும், நிறமும் எண்ணெயில் இறங்காது. பிறகு ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது அல்லது இரண்டு தக்காளி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை. சீனச் சமையல் மது சேர்ப்பதானால் இப்போதே வாணலியில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். மூடிய குக்கரில் அதன் காரமான வாடை வெளியேற வழியில்லாமல் சூப்பிலேயே நின்றுவிடும். கடைசியில் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி, அத்தனையையும் குக்கரில் ஊற்றுங்கள். அந்தச் சுரண்டலை விட்டுவைப்பது பெரிய இழப்பு.

மசாலாவைக் கூட்டலாமா என்றீர்கள். நான் குறைக்கச் சொல்வேன். திறந்த பாத்திரத்தில் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இங்கே எல்லாம் உள்ளேயே தங்கி, எட்டு மணி நேரம் தொடர்ந்து இறங்கும். அன்னாசிப்பூவும் கிராம்பும் அளவு மீறினால் சூப் மருந்துக் கஷாயம் போலாகிவிடும். இந்த அளவுக்கு இரண்டு அன்னாசிப்பூ, ஒரு சின்னத் துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு தேக்கரண்டி சிச்சுவான் மிளகு, அரைத் தேக்கரண்டி சோம்பு. எல்லாவற்றையும் மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி ருசி பார்த்து, போதுமென்றால் முடிச்சை எடுத்துவிடலாம். மூடியைத் திறக்கக்கூடாது என்ற விதியை நான் மீறுவது அந்த ஒரு தடவைக்காகத்தான். தூளாக விற்கும் ஐந்து மசாலாப் பொடியை நீண்ட நேரச் சமையலில் போட வேண்டாம். அடியில் தங்கிச் சூப்பை மண்ணாக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கறியும் வெங்காயமும் தக்காளியும் தங்கள் நீரை விடும், வெளியே எதுவும் போகாது, ஆக நீங்கள் ஊற்றியதைவிட அதிகமாகவே திரும்ப எடுப்பீர்கள். ஐந்து லிட்டர் குக்கரில் மேலே சொன்ன கறிக்கும் எலும்புக்கும் ஒன்றே முக்கால் லிட்டர் தாராளம். எல்லாம் சேர்ந்து பாத்திரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பாத்திரம் சூடேற எடுக்கும் ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கான் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். உப்பைத் தனியாகப் போட வேண்டாம். சோயா சாஸே எடையில் ஆறில் ஒரு பங்கு உப்புதான், டௌபன்ஜியாங்கும் அதற்குச் சளைத்ததல்ல. ஆரம்பத்தில் சாதாரண சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டியும், நிறத்துக்கு டார்க் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியும் போதும். மீதியைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

முள்ளங்கியும் கேரட்டும் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம். ஸ்லோ குக்கரில் இந்தக் காய்கள் வேக நாம் எதிர்பார்ப்பதைவிட நேரமெடுக்கும், தக்காளியின் புளிப்பு அதை இன்னும் தாமதப்படுத்தும். தனியாக அடுப்பில் முக்கால் பதம் வேகவைத்துக் கடைசி அரை மணியில் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. முள்ளங்கியின் நெடி சூப்பில் ஏறாமலும் இருக்கும்.

லோவில் எட்டு மணி, ஹையில் நான்கரை முதல் ஐந்து மணி என்பது ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. மாட்டின் வயது, துண்டின் அளவு, குக்கரின் சூடு எல்லாம் அதை மாற்றும். மணியை நம்பாமல் கறியைக் கேளுங்கள். ஒரு மரக்குச்சியைக் குத்தினால் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டைத் தூக்கினால் உருக்குலையாமல் வர வேண்டும். அந்தப் பதத்தில் நிறுத்துங்கள். கறி ஆகிவிட்டது, சூப் இன்னும் மெலிதாக இருக்கிறது என்றால் கறியை மட்டும் எடுத்துவிட்டு எலும்பை இன்னும் சில மணி நேரம் விடலாம். ஒரே நேரத்தில் இரண்டும் தயாராக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது சூப்புக்கு உயிர் கொடுக்கும் இருபது நிமிடம். கறியை எடுத்து மூடி வையுங்கள். சூப்பை வடிகட்டி, சிறிது நேரம் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயில் முக்கால் பங்கை எடுத்துவிடுங்கள். முழுக்க எடுக்க வேண்டாம். அந்தச் செந்நிற எண்ணெயில்தான் மிளகாயின் வாசனை இருக்கிறது. பிறகு அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல், நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கால்வாசி வற்றினாலே வித்தியாசம் தெரியும். கொழுப்பை முதலில் எடுப்பதற்குக் காரணம், வேகமாகக் கொதிக்கும்போது அது துளித்துளியாக உடைந்து சூப்பில் கலந்து கலங்கலாக்கிவிடும். வற்றியபின் மட்டுமே உப்பு பாருங்கள். கரண்டியில் குடிக்கும்போது ஒரு துளி உப்பு தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் நூடுல்ஸ் உப்பில்லாமல் வந்து அதை மட்டுப்படுத்தும். அப்புறம் கறுப்பு வினிகர் அரைத் தேக்கரண்டி. 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும் பல சூப்புகளில் குறைவது உப்போ மசாலாவோ இல்லை, இந்தச் சின்னப் புளிப்புதான்.

நூடுல்ஸ் குக்கருக்குள் போகவே கூடாது. கொதிக்காத நீரில் கோதுமை நூடுல்ஸ் மெதுவாக ஊறி மாவாகும், அதன் மாவுச்சத்து சூப்பையும் கஞ்சியாக்கும். தனியாக, நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதியைக் கிண்ணத்தில் சூப் பார்த்துக்கொள்ளும். ஆல்கலி (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரப்பொருள்) சேர்த்துச் செய்யும் மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்ஸ் சூப்பில் நின்று பிடிக்கும், சாதாரண முட்டை நூடுல்ஸ் சீக்கிரம் தளரும். கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, நூடுல்ஸ், கறி, கொதிக்கும் சூப், வெங்காயத்தாள், கொத்தமல்லி, உப்பில் ஊறவைத்த கடுகுக்கீரை கிடைத்தால் அதில் ஒரு பிடி.

தெளிவான சூப்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இதே முறை இன்னும் எளிது. வியட்நாமின் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்புக்கு வெங்காயத்தையும் இஞ்சியையும் தீயில் கருக்கிப் போடுவார்கள், உப்புக்கு மீன் சாஸ், கீழே அரிசி நூடுல்ஸ். சீனாவின் லான்ஜோ நகரத்துச் சூப்பில் வெள்ளை முள்ளங்கியும் மேலே மிளகாய் எண்ணெயும். அந்த இரண்டுக்கும் கறியை வறுக்கத் தேவையில்லை, நுரை நீக்குவதை மட்டும் தவிர்க்கவே முடியாது. கொதிக்காமல் வேகவைக்கும் ஸ்லோ குக்கரின் குணம் தெளிவான சூப்புக்குத்தான் மிகவும் உதவும்.

பிரஷர் குக்கரே மேல் இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. முழு அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரி வரை போவதால் கெண்டைக்கால் சதை ஒரு மணி நேரத்துக்குள் மெத்தென்று ஆகிவிடும், எலும்பும் வேகமாக இறங்கும். கறியின் பதத்தைப் பிடிப்பது மட்டும் கடினம். ஐந்து நிமிடம் கூடினால் தெரிந்துவிடும். காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் வருபவருக்கு ஸ்லோ குக்கர்தான் வசதி. எலும்பில் வினிகர் ஊற்றினால் சத்தெல்லாம் இறங்கும் என்று சொல்வதை நான் நம்பிச் சொல்லமாட்டேன். அரை மூடி வினிகரால் கரையும் கால்சியம் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும், கடைசியில் சேர்க்கும் கறுப்பு வினிகரைப் போல ருசிக்கும் அது உதவுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. உறைந்த கறியை ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரையான, கிருமிகள் பெருகும் வெப்பத்தில் அது மணிக்கணக்கில் கிடக்கும். மிச்சமான சூப்பை அந்தக் கனமான பீங்கான் பாத்திரத்திலேயே ஆறவிடவும் வேண்டாம், அது சூட்டை விடவே விடாது. இறைச்சிச் சூப்பில் வேகவைத்தபின்னும் பிழைக்கும் கிருமி விதைகள் உண்டு, மெதுவாக ஆறும்போதுதான் அவை முளைத்துப் பெருகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்குவதும் அடுப்பில்தான், நன்றாகக் கொதிக்கும்வரை.

முடிந்தால் முதல் நாளே வைத்து மறுநாள் சாப்பிடுங்கள். கறியைத் துண்டாகவே சூப்பில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே தகடாக உறைந்து கையாலேயே எடுக்க வரும், குளிர்ந்த கெண்டைக்கால் சதை நாருக்குக் குறுக்கே சீராக அரியவும் வரும். கொழுப்பை எடுத்தபின் சூப்பை அசைத்துப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் மூட்டு எலும்பு வேலை செய்திருக்கிறது. தண்ணீராகவே ஓடினால் அடுத்த முறை எலும்பைக் கூட்டுங்கள், அல்லது தண்ணீரைக் குறையுங்கள். நேரத்தைக் கூட்ட வேண்டாம்.